இணையப் பாதுகாப்புப் படிப்பு: விளம்பரத்தைத் தாண்டிப் பார்ப்போம்

2025 மார்ச் 23ஆம் தேதி கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் கணினி அமைப்புகள் தாக்கப்பட்டன. விமானம் புறப்படும் நேரத்தையும் வாயிலையும் காட்டும் திரைகள் செயலிழக்க, ஊழியர்கள் வெள்ளைப் பலகையில் கையால் எழுதி வைத்த படங்கள் சமூக ஊடகங்களில் பரவின. விமானச் சேவை நிற்கவில்லை. தாக்கியவர்கள் 1 கோடி அமெரிக்க டாலர் பிணைப்பணம் கேட்டதை இரண்டு நாள் கழித்துக் காவல் துறை தின விழாவில் பிரதமர் அன்வார் இப்ராஹிம் வெளியிட்டார். முடியாது என்று சொல்லத் தமக்கு ஐந்து விநாடிகூட ஆகவில்லை என்றார்.

சரியான முடிவு. பணம் கொடுத்திருந்தால் அடுத்த தாக்குதலுக்கு நாமே முதல் போட்டுக் கொடுத்தவர்கள் ஆகியிருப்போம். ஆனால் அப்படி மறுக்கும் நாட்டிடம் அதற்குரிய ஆள்பலமும் இருக்க வேண்டும். முடக்கப்பட்ட கணினிகளை மீட்பதற்கும், தாக்கியவர்கள் நுழைந்த வழியைக் கண்டுபிடிப்பதற்கும், அதே வழியில் மறுபடி நுழையாமல் அடைப்பதற்கும் பயிற்சி பெற்றவர்கள் இரவு பகலாக உட்கார்ந்தாக வேண்டும். அந்த இருக்கைகளில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் உட்காரப் போகிறார்கள் என்பதுதான் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் இன்று கேட்க வேண்டிய கேள்வி.

சட்டம் உருவாக்கிய வேலைகள்

விமான நிலையத் தாக்குதலுக்கு ஏழு மாதங்களுக்கு முன்பே, 2024 ஆகஸ்டு 26ஆம் தேதி, இணையப் பாதுகாப்புச் சட்டம் நடப்புக்கு வந்துவிட்டது. இலக்கவியல் அமைச்சர் கோபிந்த் சிங் டியோ நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்த சட்டம் அது. அரசாங்கம், வங்கி, போக்குவரத்து, தற்காப்பு, தகவல் தொடர்பு, சுகாதாரம், நீர், எரிசக்தி, வேளாண்மை, வணிகம், அறிவியல் தொழில்நுட்பம் என 11 துறைகளை நாட்டின் உயிர்நாடி என்று அது வகுத்திருக்கிறது. இத்துறைகளில் முக்கியக் கணினி அமைப்புகளை நடத்துவோர் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆபத்து மதிப்பீடு செய்ய வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது தணிக்கைக்கு உட்பட வேண்டும். தாக்குதல் நடந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தேசிய இணையப் பாதுகாப்பு முகமையான நாக்சாவுக்கு முதல் தகவல் போக வேண்டும். முழு விவரத்துக்கு 14 நாள் அவகாசம். அறிவிக்கத் தவறினால் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ 10 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இந்த விதி ஒவ்வொன்றும் ஒரு வேலையிடத்தைக் குறிக்கிறது. மதிப்பீடு செய்ய ஒருவர், தணிக்கை செய்ய ஒருவர், அந்த 6 மணி நேரத்துக்குள் நடந்ததைப் புரிந்துகொண்டு எழுத்தில் கொடுக்க ஒருவர் வேண்டும். 2025 ஜூன் 1 முதல், தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தின்படி, தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்கு அறிவிக்க வேண்டிய கட்டாயமும் வந்துவிட்டது. அதற்கும் ஆள் வேண்டும். 2025 முடிவுக்குள் நாட்டுக்கு ஏறத்தாழ 27,000 இணையப் பாதுகாப்புப் பணியாளர்கள் தேவை என்று அரசு கணக்கிட்டபோது, கையிருப்பில் இருந்தவர்கள் சுமார் 15,000 பேர்தான்.

கிள்ளான்வாசிகளுக்கு இதில் தனி அக்கறை இருக்க வேண்டும். 20 அடி அலகுக் கணக்கில் ஆண்டுக்கு 1.4 கோடிக்கும் மேற்பட்ட கொள்கலன்களைக் கையாளும் கிள்ளான் துறைமுகம் நம் வீட்டுப் பக்கத்தில் இருக்கிறது. சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்று அழைக்கப்பட்ட காலத்தில் அங்கே மூட்டை சுமந்தவர்களில் நம் முன்னோர் உண்டு. இன்றைய துறைமுகத்தின் முதுகெலும்பு மென்பொருள். 2023 ஜூலையில் ஜப்பானின் நகோயா துறைமுகத்தைப் பிணைப்பண மென்பொருள் தாக்கியபோது கொள்கலன் இறக்கமும் ஏற்றமும் இரண்டு நாளுக்கும் மேலாக நின்றன. 2017 ஜூன் 27ஆம் தேதி டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்துக்கு நேர்ந்தது இன்னும் பெரிது. உக்ரைனில் பயன்பட்ட ஒரு கணக்குப்பதிவு மென்பொருளின் புதுப்பிப்பு வழியாகப் புகுந்த நாட்பெட்யா என்ற நாசநிரல் அந்நிறுவனத்தின் உலகளாவிய வலைப்பின்னலை வீழ்த்தியது. 4,000 வழங்கிகளையும் 45,000 கணினிகளையும் பத்து நாளில் மறுபடி நிறுவினார்கள். இழப்பு 30 கோடி டாலர் வரை. எந்தப் பயனாளர் எதற்குள் நுழையலாம் என்று தீர்மானிக்கும் மையக் கணினிகள் எல்லாமே அழிந்துபோக, ஆப்பிரிக்காவின் கானா அலுவலகத்தில் மட்டும் ஒன்று தப்பியது. அந்த நேரத்தில் அங்கே மின்வெட்டு. அதைக் கொண்டுதான் மற்றவற்றை மீட்டார்கள். அத்தனை பெரிய நிறுவனத்தைக் காப்பாற்றியது ஒரு மின்வெட்டு என்றால், காப்புப்பிரதியைப் பற்றியும் வலைப்பின்னலைப் பிரித்து வைப்பதைப் பற்றியும் நன்றாகக் கற்ற நான்கு பேரின் மதிப்பு என்ன என்பதை நாம் உணரலாம்.

இன்னொரு மருத்துவ மோகம் வேண்டாம்

வேலை இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தால் நம் சமூகம் என்ன செய்யும் என்பதை மருத்துவப் படிப்பில் பார்த்துவிட்டோம். வீட்டை அடகு வைத்தும் கடன் வாங்கியும் பிள்ளைகளை மருத்துவத்துக்கு அனுப்பினோம். 2016 டிசம்பரில் அரசு மருத்துவர் நியமனம் ஒப்பந்த முறைக்கு மாறியது. நிரந்தர வேலை கேட்டு 2021 ஜூலை 26ஆம் தேதி ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்பு உடையில் வெளியே வந்து நின்றதை நாடு பார்த்தது. அந்தப் பிள்ளைகள் மீது தவறில்லை. எல்லாரும் ஒரே வாசலில் கூடுவதற்கு முன், உள்ளே எத்தனை இடம், என்ன நிபந்தனை என்று கேட்காதது பெரியவர்களின் தவறு.

இணையப் பாதுகாப்பும் அப்படி ஒரு மோகமாக மாறும் அறிகுறிகள் தெரிகின்றன. கல்விக் கண்காட்சிகளில் முகமூடி போட்ட ஹேக்கர் படத்தோடு பதாகைகள் நிற்கின்றன. தனியார் பல்கலைக்கழகத்தில் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்து ஒரு லட்சம் ரிங்கிட்டை எட்டுவது அரிதல்ல. பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடனும் குடும்பச் சேமிப்பும் அதில்தான் கரையும். அதனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: பட்டத்தின் பெயரில் இணையப் பாதுகாப்பு என்ற சொல் இருப்பதால் மட்டும் ஒருவர் அத்துறைக்குத் தகுதி பெறுவதில்லை. பலமான அடிப்படை, கைப்பழக்கம், ஐயத்துக்கு இடமில்லாத நேர்மை ஆகிய மூன்றும் உள்ளவரைத்தான் அத்துறை தேடுகிறது. சாதாரணக் கணினி அறிவியல் பட்டம் பெற்று இந்த மூன்றையும் வளர்த்துக்கொண்டவர், அழகான பெயர் கொண்ட பட்டத்தோடு வருபவரை எளிதாக முந்திவிடுவார்.

அடிப்படை ஏன் முக்கியம் என்பதற்கு நம் நாட்டு எடுத்துக்காட்டே இருக்கிறது. கோவிட் காலச் செயலியான மைசெஜாத்ரா தொடர்பாக 2023 பிப்ரவரியில் வெளிவந்த தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை, உயர் அதிகாரம் கொண்ட நிர்வாகக் கணக்கு ஒன்றின் வழியாகத் தடுப்பூசி போட்ட 30 லட்சம் பேரின் தரவு பதிவிறக்கப்பட்டதைக் குறிப்பிட்டது. யாருக்கு எவ்வளவு அனுமதி, அந்த அனுமதியை அவர் எப்படிப் பயன்படுத்துகிறார், வழக்கத்துக்கு மாறாக ஏதேனும் நடந்தால் யார் கவனிப்பது என்பவை முதலாண்டுப் பாடங்கள். அவற்றைப் பொறுமையாகப் படித்து, ஒரு அமைப்பில் ஒழுங்காக நடைமுறைப்படுத்துபவரால்தான் நாட்டின் தரவு காக்கப்படும்.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாய்ப்புகளுக்குக் குறைவில்லை. புக்கிட் ஜாலிலில் ஏ.பி.யு., சைபர்ஜெயாவில் மல்டிமீடியா பல்கலைக்கழகம், நகர நடுவில் யூனிகே.எல்., பாங்கியில் யு.கே.எம்., செர்டாங்கில் யு.பி.எம்., லெம்பா பந்தாயில் மலாயாப் பல்கலைக்கழகம் என்று எல்லாமே ஒரு ரயில் அல்லது பேருந்துப் பயணத் தூரத்தில் இருக்கின்றன. எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்து அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளைக்குக் கட்டணச் சுமை மிகவும் குறைவு. பெற்றோர் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டிய வழி அதுவே. கணினி அறிவியலுக்கு எஸ்.பி.எம். கூடுதல் கணிதத்தில் நல்ல தேர்ச்சி கேட்கப்படுவது வழக்கம் என்பதால், முடிவு படிவம் 4-இல் பாடம் தேர்ந்தெடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. கூடுதல் கணிதம் கடினம் என்று பிள்ளையைப் பயமுறுத்தி விலக்கும் பேச்சை வீட்டிலும் டியூஷன் வகுப்பிலும் நிறுத்த வேண்டும்.

எந்தப் பல்கலைக்கழகமானாலும் சேரும் முன் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும். படிப்பு மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் இருக்கிறதா? முதல் மூன்று பருவங்களில் வலைப்பின்னல், இயங்குதளம், நிரலாக்கம், தரவுத்தளம், கணிதம் ஆகியவை உண்டா, அல்லது கருவிகளை இயக்கும் பயிற்சியோடு முடிந்துவிடுகிறதா? மாணவர்கள் பாதுகாப்பாகத் தாக்கியும் தடுத்தும் பழக, வெளி வலைப்பின்னலோடு தொடர்பில்லாத ஆய்வுக்கூடம் இருக்கிறதா? பாடம் நடத்துபவர்களில் துறையில் வேலை செய்தவர்கள் எத்தனை பேர்? போன ஆண்டு மாணவர்கள் தொழிற்பயிற்சிக்கு எங்கே போனார்கள்? மாணவர் குழு சி.டி.எஃப். எனப்படும் கொடி பிடிக்கும் போட்டிகளில் கலந்துகொள்கிறதா? கட்டணத் தள்ளுபடியையும் இலவச மடிக்கணினியையும் பற்றிச் சொல்லும் முகப்பு ஊழியரால் இவற்றுக்குப் பதில் சொல்ல முடியாவிட்டால், விரிவுரையாளரைப் பார்க்க நேரம் கேளுங்கள். ஒரு லட்சம் ரிங்கிட் செலவழிப்பவருக்கு அந்த உரிமை உண்டு.

சேர்ந்த பிறகு மாணவரின் பொறுப்பு தொடங்குகிறது. இந்தத் துறையில் கைப்பழக்கத்துக்குப் பணம் ஒரு தடையே இல்லை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் பள்ளி மாணவர்களை மனதில் வைத்து நடத்தும் பிகோ சி.டி.எஃப். இலவசம். இணையதளங்களின் ஓட்டைகளைப் படிப்படியாகக் கற்றுக்கொடுக்கும் போர்ட்ஸ்விக்கரின் பயிற்சிக்கூடமும் இலவசம். பழைய மடிக்கணினியில் மெய்நிகர் இயந்திரம் ஒன்றை நிறுவி, லினக்ஸ் பழகி, வயர்ஷார்க் கொண்டு தன் சொந்த வலைப்பின்னலில் என்ன ஓடுகிறது என்று பார்க்கும் மாணவர் ஒரு பருவத்தில் கற்பது அதிகம். உள்ளூரில் 2011 முதல் நடந்துவரும் வார்கேம்ஸ் மலேசியா போன்ற போட்டிகளில் தோற்றாலும் நட்டமில்லை. தீர்க்க முடியாமல் போன புதிரை மறுநாள் பிறர் எப்படித் தீர்த்தார்கள் என்று படிப்பதுதான் அசல் பாடம்.

முதல் நாற்காலியும் அடுத்த படியும்

வேலை எப்படி இருக்கும் என்பதையும் பிள்ளைகளுக்கு உள்ளபடி சொல்ல வேண்டும். பெரும்பாலோர்க்கு முதல் வேலை, பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில் ஷிப்டு வேலை. திரையில் ஓயாமல் வரும் எச்சரிக்கைகளில் எது பொய், எது மெய் என்று பிரிக்க வேண்டும்; மெய்யானதை மேலே அனுப்பி, செய்ததை எல்லாம் எழுதி வைக்க வேண்டும். இரவு ஷிப்டு உண்டு, தீபாவளியன்றும் வேலை வரலாம். பெண் பிள்ளையை இரவு வேலைக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர், இதே துறையில் தணிக்கை, தரவுப் பாதுகாப்புச் சட்ட இணக்கம், இலக்கவியல் தடயவியல் என்று பகல் வேலைகளும் ஏராளம் என்பதை அறிந்துகொண்டால் மகளின் கனவைத் தடுக்க மாட்டார்கள்.

சான்றிதழ்களுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. தொடக்கநிலையில் செக்யூரிட்டி பிளஸ் போன்ற ஒன்று போதும். பலரும் பெயர் சொல்லும் சி.ஐ.எஸ்.எஸ்.பி., தேர்வில் வென்றாலும் ஐந்தாண்டு அனுபவம் இல்லாமல் முழுமையாகக் கிடைக்காது. படிக்கும்போதே அதற்குக் கடன் வாங்கி வகுப்புக்குப் போவது வீண். ஊடுருவல் சோதனையில் மதிக்கப்படும் ஓ.எஸ்.சி.பி. தேர்வு ஏறக்குறைய 24 மணி நேரம் நடக்கும். அதன் பிறகு இன்னொரு 24 மணி நேரத்தில் என்ன செய்தோம் என்று அறிக்கை எழுதித் தர வேண்டும். அறிக்கை சரியில்லை என்றால் தேர்ச்சி இல்லை. எழுதத் தெரிவது இந்தத் தொழிலில் பாதி. ஆங்கிலத்திலும் மலாயிலும் தெளிவாக எழுதவும், பணத்தை இழந்து பதறி நிற்கும் நம் பாட்டியிடம் தமிழில் பேசி 997 தேசிய மோசடி உதவி எண்ணுக்கு உடனே அழைக்க வைக்கவும் தெரிந்த பிள்ளை, மூன்று மொழிகளிலும் பயன்படும் பணியாளர்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட பிறகு இந்த வேலைகள் இருக்குமா என்று கேட்கிறார்கள். எச்சரிக்கைகளைத் தரம் பிரிக்கும் தொடக்கநிலை வேலையின் ஒரு பகுதியை இயந்திரம் எடுத்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் இயந்திரம் சொல்வது சரியா என்று சோதிக்க, வலைப்பின்னலும் இயங்குதளமும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்தவர் வேண்டும். கருவியை மட்டும் கற்றவர் கருவியோடு சேர்ந்து பழசாகிவிடுவார். அடிப்படையைக் கற்றவர் அடுத்த கருவியையும் கற்பார்.

நேர்மையே முதல் தகுதி

1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி, அனுமதியின்றி ஒரு கணினிக்குள் நுழைவதே குற்றம். 50,000 ரிங்கிட் வரை அபராதமோ 5 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். எதையும் திருடவில்லை, சும்மா பார்த்தேன் என்ற பதில் அங்கே செல்லாது. பள்ளி இணையதளத்தையும் நண்பனின் முகநூலையும் உடைத்துப் பார்த்துப் பெருமைப்படும் பதின்ம வயதுப் பிள்ளையைப் பெரியவர்கள் கைதட்டி ஊக்குவிக்கக் கூடாது. அந்த ஆர்வத்தைத் திட்டி அணைக்கவும் கூடாது. போட்டிகளின் பக்கம் திருப்பிவிட வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறு வடிவில் வருகிறது. சில நூறு ரிங்கிட்டுக்காக வங்கிக் கணக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் அடுத்தவருக்குக் கொடுக்கும் இளைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாக ஓடும்போது முதலில் பிடிபடுவது கணக்கின் சொந்தக்காரர்தான். பிறருடைய ரகசியங்களைக் காக்கும் வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனம் முன்வரலாற்றைத் துருவிப் பார்க்கும். பத்தொன்பது வயதில் செய்த அந்த ஒரு காரியம் ஒரு வாழ்நாள் வேலையை அடைத்துவிடும். இதை ஒவ்வோர் இடைநிலைப்பள்ளியிலும் தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

இயக்கங்கள் செய்யக்கூடியது

பிரிக்பீல்ட்ஸின் முதன்மைச் சாலை, ம.இ.கா. தலைவராக இருந்த துன் சம்பந்தனின் பெயரைத் தாங்கியிருக்கிறது. பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டதில் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து நின்றபோது, 1960இல் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளி வீதம் தோட்டத் தொழிலாளர்களிடமே திரட்டித் தோட்டங்களை வாங்கினார். அன்றாடங்காய்ச்சிகள் என்று மற்றவர்கள் நினைத்த மக்கள் முதலாளிகளாக மாறினார்கள். அந்தச் சங்கம் நமக்குக் காட்டியது, சிறு தொகையும் ஒழுங்கான அமைப்பும் சேர்ந்தால் காலத்துக்கு ஏற்ற சொத்தை நாமே உருவாக்கலாம் என்பதைத்தான். அன்றைய சொத்து நிலம். இன்றைய சொத்து தேர்ச்சி.

நம் இயக்கங்கள் ஆண்டுதோறும் கல்வி விருது விழா நடத்துகின்றன, சான்றிதழும் உபகாரச் சம்பளமும் தருகின்றன. அவற்றோடு ஒரு வேலையைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் ஒன்று, கிள்ளானில் ஒன்று என இரண்டு பயிற்சிக்கூடங்கள் அமைக்க வேண்டும். பத்துப் பதினைந்து பழைய கணினிகள், ஒரு தனி வலைப்பின்னல், வார இறுதியில் வந்து வழிகாட்ட ஏற்கெனவே துறையில் இருக்கும் நம்மவர் சிலர். கோயில் மண்டபத்தின் ஓர் அறையோ, தமிழ்ப்பள்ளியின் ஒரு வகுப்பறையோ சனிக்கிழமை பிற்பகலுக்குக் கிடைத்தால் தொடங்கிவிடலாம். தேர்ச்சி பெறும் மாணவருக்கு முதல் சான்றிதழ்த் தேர்வின் கட்டணத்தை இயக்கம் ஏற்றுக்கொள்ளட்டும். ஒரு விழாவின் மேடை அலங்காரச் செலவில் பல பிள்ளைகள் தேர்வு எழுதுவார்கள்.

பயிற்சிக்கு வேலை தேடி அலையவும் வேண்டாம். துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் இருக்கும் நகைக்கடைகள், ஜவுளிக்கடைகள், உணவகங்கள், கிளினிக்குகள், கோயில் அலுவலகங்கள் எல்லாம் வாடிக்கையாளர் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் கைப்பேசி எண்ணையும் சேர்த்து வைத்திருக்கின்றன. பல கடைகளில் ஒரே கடவுச்சொல்லை எல்லா ஊழியரும் பகிர்ந்துகொள்கிறார்கள். காப்புப்பிரதி இல்லை. பெரிய ஆலோசனை நிறுவனத்தை அழைக்க அவர்களால் முடியாது. துறை அனுபவம் உள்ளவரின் மேற்பார்வையில், உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு, மாணவர் குழு ஒன்று போய்க் கடவுச்சொற்களை ஒழுங்குபடுத்தி, இரட்டைச் சரிபார்ப்பு அமைத்து, காப்புப்பிரதி எடுக்கக் கற்றுத்தந்து, இரண்டு பக்க அறிக்கை எழுதிக் கொடுத்தால், கடைக்காரருக்குப் பாதுகாப்பு, மாணவருக்கு அனுபவம். அப்படிப்பட்ட ஐந்து அறிக்கைகள், நேர்முகத் தேர்வில் தரப்புள்ளியோடு சேர்ந்து நின்று பேசும்.

4.62 கோடி கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்தது 2017இல் வெளியானபோது, அது நாட்டின் மக்கள் தொகையைவிடப் பெரிய எண்ணிக்கை. அந்தப் பட்டியலில் இருந்து நம் சமூகத்தினர் யாரும் விலக்கு பெறவில்லை. இழப்பில் நமக்குச் சமமான பங்கு உண்டு என்றால், காவலிலும் அந்த வேலைகளிலும் நமக்குப் பங்கு வேண்டும். அதை யாரும் தட்டில் வைத்துத் தர மாட்டார்கள். படிவம் 4-இல் கூடுதல் கணிதத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் மாணவர், பதாகையைப் பார்த்து மயங்காமல் பாடப்பட்டியலைக் கேட்கும் பெற்றோர், விழாவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைப் பயிற்சிக்கூடத்துக்கு எழுதி வைக்கும் இயக்கத் தலைவர் ஆகிய மூவரும் இந்தக் கல்வியாண்டிலேயே தம் பங்கைத் தொடங்கினால், இன்னும் ஐந்து ஆண்டுகளில் கிள்ளான் துறைமுகத்தின் கட்டுப்பாட்டு அறையிலும் சைபர்ஜெயாவின் கண்காணிப்பு மையங்களிலும் நம் பிள்ளைகள் பொறுப்பான இடங்களில் இருப்பார்கள். அதற்கு வேண்டிய அறிவும் ஆர்வமும் அவர்களிடம் இருக்கின்றன. வழியைச் சரியாகக் காட்டுவது நம் கடமை.